புதுப்பிப்பு: மைவி கதவுப் பள்ளமும் அதற்கான கருவிகளும்

பட்டர்வொர்த்தில் வீட்டு முற்றத்திலேயே மைவி காரின் பின்கதவுப் பள்ளத்தைச் சரிசெய்து சாயம் அடிக்க எந்தக் கருவிகள் வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன், வேலை முடிந்துவிட்டது. அதிகம் உதவியது விலையுயர்ந்த ஸ்ப்ரே துப்பாக்கி அன்று, உப்புத்தாள் சுற்றும் நீண்ட கட்டைதான். பள்ளத்தை நிரப்பப் பூசிய புட்டி (நிரப்புப் பசை) காய்ந்ததும் அதன் மேல் கறுப்புச் சாயத்தை இலேசாகத் தூவி, 80, 180, 320 என்ற எண்களுள்ள உப்புத்தாள்களால் (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) வரிசையாகத் தேய்த்துவந்தபோது, கறுப்பு எஞ்சிய இடங்களே இன்னும் தாழ்வானவை என்பது தெளிவாகத் தெரிந்தது.

பினாங்கின் ஈரக்காற்றில் கம்ப்ரசரில் (காற்றை அழுத்தித் தரும் இயந்திரத்தில்) நீர் சேரும் என்பதால், ஸ்ப்ரே துப்பாக்கிக்கு முன்னால் நீர்ப்பிடிப்பான் அவசியம்.

சாயத்தின் மேல் அடிக்கும், கடினமாக்கி கலக்கும் கிளியர் (நிறமற்ற) பூச்சில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைப் பாதிக்கும் வேதிப்பொருள் உண்டு. தூசிக் கவசம் அதைத் தடுக்காது. தூய காற்றைக் குழாய்வழி தரும் கவசம் என்னிடம் இல்லாததால், அந்தப் பூச்சை மட்டும் பட்டறையில் கொடுத்து அடிக்கச் செய்தேன். நீங்களும் அவ்வாறே செய்யுமாறு வேண்டுகிறேன்.