தொழில்நுட்ப மையத்துக்குப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: மோல்டிங்_20
நைலான் 66 பிளாஸ்டிக்கில் 30 சதவீதம் கண்ணாடி இழை சேர்த்து அச்சில் வார்க்கும் பாகம். ஸ்க்ரூ இறுக்கும் குழிழை (பாஸ், ஸ்க்ரூ இறங்கும் துளையுள்ள மேடு) சுற்றி விரிசல் விடுகிறது. 20 பேர் வேலை செய்யும் யூனிட், சொந்த ஆய்வகம் கிடையாது. சோதனை, ஆய்வு உதவி தரும் தொழில்நுட்ப மையத்தை நாடினால் என்ன கேட்பார்கள்? வெறும் அறிக்கையோடு திரும்பிவிடக் கூடாது. இந்த மையங்களால் ஒரு வட்டாரத்துக்கே பலன் உண்டா?

பதில்: பாலிமர்_மேசை
விரிசல் விட்ட பாகம் பத்து, நல்லது பத்து, எல்லாம் ஒரே கேவிட்டியிலிருந்து (அச்சுக்குழி). கூடவே பிளாஸ்டிக் குருணையின் லாட் (தொகுதி) எண், டிரையர் வெப்பநிலை, உலர்த்திய நேரம், ஸ்க்ரூ இறுக்கிய டார்க் (முறுக்கு விசை), வரைபடம். உடைந்த முகங்களை மறுபடி பொருத்திப் பார்க்காதீர்கள், துடைக்கவும் வேண்டாம். விரிசல் எங்கே தொடங்கியது என்ற தடயம் அங்கேதான் இருக்கிறது.

அடிக்கடி சறுக்கும் இடம் ஈரப்பதம். மோல்டிலிருந்து வந்ததும் நைலான் விறைப்பாக, எளிதில் உடையும்படி இருக்கும். காற்றின் ஈரத்தை இழுத்தபின் வலிமை குறைந்து வளைந்து கொடுக்கும். எந்த நிலையில் சோதிப்பது என்று எழுத்தில் சொல்லாவிட்டால் இரண்டு அறிக்கைகளை ஒப்பிடவே முடியாது. இழுவிசைச் சோதனைக்கான சர்வதேசத் தரமுறை ஐஎஸ்ஓ 527 குறைந்தது ஐந்து மாதிரி கேட்கிறது.

பதில்: ஒப்பந்தம்_முதலில்
வரைபடத்தைக் காட்டும் முன்பே ரகசியக் காப்பு ஒப்பந்தம். காப்புரிமை எண்ணம் இருந்தால் இது ரொம்ப முக்கியம். வெளியே தெரிந்துவிட்டால் பல நாடுகளில் புதுமை போய்விட்டது என்றே கணக்கு. ஆய்வில் பிறக்கும் புதிய வடிவமைப்பு யாருக்குச் சொந்தம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 (சோதனை ஆய்வகங்களுக்கான தரமுறை) அங்கீகாரம் இருக்கிறது என்றால் போதாது, உங்களுக்கு வேண்டிய சோதனை அந்த அங்கீகாரத்தின் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். முதல் கட்டம் காரணம் கண்டுபிடிப்பது மட்டும். தீர்வுக்குத் தனி விலை கேளுங்கள்.

பதில்: வட்டாரத்_தொழில்
பலன் உண்டு, ஆனால் கட்டடத்தால் அல்ல. ஆய்வகத்தில் ஓடியதைத் தொழிற்சாலையில் ஓட வைக்கும் நடுக்கட்டத்தில்தான் சிறு நிறுவனங்கள் நின்றுவிடுகின்றன. ஜெர்மனியில் 1949-ல் தொடங்கிய ஃபிரான்ஹோஃபர் ஆய்வு அமைப்பு நிறுவனங்களிடம் ஒப்பந்த வேலை எடுத்தே வருமானத்தில் கணிசமான பங்கை ஈட்டுகிறது; அதனால் தொழிற்சாலையின் பிரச்சினை நேரே ஆய்வாளர் மேசைக்கு வருகிறது. தைவானில் 1973-ல் தொடங்கிய இட்ரி ஆய்வு நிறுவனம் வளர்த்த சிப் நுட்பத்திலிருந்துதான் 1987-ல் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சி பிறந்தது.

மையம் படுத்துவிடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: கருவி வாங்கப் பணம் ஒதுக்குவார்கள், அதை இயக்கும் ஆளுக்கும் ஆண்டுதோறும் செய்யும் அளவுத்திருத்தத்துக்கும் ஒதுக்க மாட்டார்கள். தேர்வு செய்யும்போது என்ன கருவி இருக்கிறது என்று கேட்பதைவிட, யார் ஓட்டுகிறார், எத்தனை வருடமாக ஓட்டுகிறார் என்று கேளுங்கள்.

மோல்டிங்_20
விரிசல் எப்போதும் கேட்டுக்கு (பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய்) எதிர்ப்பக்கம்தான் வருகிறது.

பாலிமர்_மேசை
அப்படியானால் வெல்டு லைனைத்தான் (இணைப்புக் கோடு) முதலில் சந்தேகிக்க வேண்டும். குழிழைச் சுற்றிப் பிரிந்த பிளாஸ்டிக் அங்கே மறுபடி சேர்கிறது. இழைகள் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. ஷாட் அளவை (ஒரு முறை செலுத்தும் பிளாஸ்டிக்கின் அளவு) படிப்படியாகக் குறைத்து அரைகுறை வார்ப்பு நாலைந்து எடுங்கள், இரு முனைகளும் சேரும் இடம் கண்ணாலேயே தெரியும். அவற்றையும் வரிசை எண் போட்டுக் கொண்டுபோங்கள்.