பாதாமி, பட்டடக்கல், ஐஹொளே: இரண்டரை நாள், கூடவே முட்டிவலியுள்ள அம்மா. எந்த வரிசையில் பார்ப்பது?

தெற்குவாசல்:
பிப்ரவரி இரண்டாம் வாரம் வடகர்நாடகப் பயணம். நான், மனைவி, பத்தாவது படிக்கும் பையன், 67 வயது அம்மா. வெள்ளி காலை பாதாமியில் ரயில் இறங்குகிறோம். ஞாயிறு மாலை ஹூப்ளியில் ரயில் ஏற வேண்டும். அம்மா சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடப்பார், படி என்றால் நின்று நின்றுதான். இணையத்தில் பார்த்த திட்டங்களில் பாதி, மூன்று ஊரையும் ஒரே நாளில் அடைத்திருக்கின்றன. அது சரிப்படுமா? அம்மா எங்கே ஏறலாம், எங்கே கீழேயே உட்காரலாம்? பாதாமியின் பழைய பெயர் வாதாபியாமே, வாதாபிப் பிள்ளையார் இருந்த கோயில் எது என்று அம்மா தினமும் கேட்கிறார், அதற்கும் பதில் வேண்டும்.

மலப்பிரபா:
ஒரே நாளில் முடியும், ஆனால் பார்த்ததாக இருக்காது. பாதாமியிலிருந்து பட்டடக்கல் 22 கி.மீ., அங்கிருந்து ஐஹொளே இன்னும் 14 கி.மீ. போய்வர எழுபது சொச்சம்தான், தூரம் பிரச்சினை இல்லை. பாதாமிக் குடைவரைகளுக்கே (பாறையைக் குடைந்த கோயில்கள்) இரண்டு மணி நேரம், பட்டடக்கல்லுக்கு இரண்டரை, ஐஹொளேக்கு மூன்று என்று வைத்தால் சாப்பாட்டுக்குக்கூட இடம் இல்லை. அப்படிப் போகிறவர்கள் ஐஹொளேயில் துர்கா கோயிலை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

உங்கள் நாட்களில் முதலில் கவனிக்க வேண்டியது வெள்ளிக்கிழமை. பாதாமி, ஐஹொளே இரண்டு ஊர்த் தொல்லியல் அருங்காட்சியகங்களுக்கும் அன்று விடுமுறை. அதனால் பாதாமி அருங்காட்சியகத்தை ஞாயிறு காலைக்குத் தள்ளுங்கள். நாகநாதகொள்ளாவில் கிடைத்த லஜ்ஜாகௌரி என்ற தாய்த்தெய்வச் சிற்பம் அங்கேதான் இருக்கிறது.

வெள்ளி காலை அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு பனசங்கரி (5 கி.மீ.), அப்படியே மகாகூடம். இரண்டும் சமதரை, அம்மாவுக்கு ஏற்றவை. பனசங்கரியில் சுற்றிலும் கல்மண்டபம் கட்டிய பெரிய குளம் உண்டு. கோயில் வாசலில் கூடையில் ஜோளத ரொட்டி (சோள ரொட்டி), எண்ணெய்க் கத்திரிக்காய், கடலைச் சட்னிப்பொடி, தயிர் விற்பார்கள். மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாம், பாதாமிக் கடைகளைவிட மேல். ஒரு எச்சரிக்கை: பௌஷப் பௌர்ணமித் தேரை ஒட்டிய சந்தை சில வாரம் நீளும். பௌர்ணமி ஜனவரிக் கடைசியில் விழும் ஆண்டுகளில் பிப்ரவரியிலும் கூட்டம் இருக்கும். அறையை முன்பே பிடித்துவிடுங்கள்.

மகாகூடத்தில் ஊற்றுநீர்க் குளத்துக்குள் ஐந்துமுக லிங்கம். பையன் துண்டு கொண்டுவந்தால் குளத்தில் இறங்கலாம். புத்தகங்களில் வரும் மகாகூடத் தூண் கல்வெட்டைத் தேடி அங்கே சுற்றாதீர்கள். அது விஜயபுரா கோல்கும்பாஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பல காலம் ஆகிறது.

குடைவரைக்கு மதியம் மூன்று மணிக்குமேல் போங்கள். நடுப்பகலில் மணற்கல் அடுப்பாகிவிடும். நான்கு குடைவரைக்கும் சேர்த்துச் சுமார் 200 படி, சில படிகள் முட்டி உயரம். முதல் குடைவரை நாற்பது படியிலேயே வந்துவிடும். அம்மா அதுவரை வந்தால் 18 கை நடராஜரைப் பார்த்துவிடலாம், வாசலுக்கு வெளியே வலப்பக்கப் பாறையிலேயே இருக்கிறார். மூன்றாவதுதான் பெரியது, முடிந்தால் அதுவரை. குரங்குகள் மோசம். பிளாஸ்டிக் பை கண்ணில் பட்டால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று கவலைப்படாமல் பிடுங்கும். தண்ணீர் பாட்டிலையும் தோள்பைக்குள் வையுங்கள்.

இறங்கியதும் வண்டியில் அருங்காட்சியகம் வரை வந்து, அகத்திய தீர்த்தம் என்ற ஏரியின் கரையோரமாகப் பூதநாதர் கோயிலுக்கு நடந்து போகலாம், மேடு இல்லை. கோயில் ஏரியின் கீழ்க்கரையில் மேற்கு பார்த்து நிற்பதால் மாலை வெயில் நேராக விழும். காலையில் போனால் வெயில் பின்னாலிருந்து அடித்துக் கோயில் கறுப்பாகத்தான் தெரியும்.

கற்றளி:
மேலே சொன்னவர் வழிகளைச் சரியாகச் சொல்லிவிட்டார். நான் பிள்ளையாருக்கு வருகிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: பாதாமியில் அப்படி ஒரு கோயிலைக் காட்ட முடியாது. யாராவது வழிகாட்டி ஒரு மாடத்தைக் காட்டி "இங்கேதான்" என்றால் காசு அதிகம் கேட்கப்போகிறார் என்று அர்த்தம். 642-இல் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் படை வாதாபியைப் பிடித்தது உண்மை. 'வாதாபி கொண்ட' என்ற பட்டம் அவனுக்கு வந்தது இதனால்தான். பாதாமிப் பாறை ஒன்றிலேயே அவன் கல்வெட்டு சிதைந்த நிலையில் இருக்கிறது. படையோடு போன பரஞ்சோதியே பின்னாளில் சிறுத்தொண்டர். ஆனால் பெரியபுராணத்தில் அவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுபவை மணி, நிதி, யானை, குதிரை. பிள்ளையார் பேச்சே இல்லை. திருச்செங்காட்டங்குடிக்குப் பிள்ளையார் வந்த கதை பிற்கால வழக்கு. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதியால் அது வீட்டுக்கு வீடு போய்விட்டது. கதையை அம்மா நம்பட்டும், தப்பில்லை. தேட வேண்டிய இடம் மட்டும் பாதாமி அல்ல.

அதைவிடச் சுவையான கதை பட்டடக்கல்லில் கல்லாகவே நிற்கிறது. ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து இந்தப் பக்கத்துச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்ரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பிடித்தவன் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கன்னடத்தில் வெட்டி வைத்தான். அந்தக் கல்வெட்டு காஞ்சியில் அதே கோயில் தூணில் இன்றும் இருக்கிறது. ஊர் திரும்பியதும் அந்த வெற்றியின் நினைவாக அவன் ராணி லோகமகாதேவி எழுப்பியதுதான் பட்டடக்கல் விரூபாட்சர் கோயில். அவள் தங்கை திரைலோக்கியமகாதேவி பக்கத்திலேயே மல்லிகார்ஜுனர் கோயிலைக் கட்டினாள். காஞ்சிக் கைலாசநாதரைப் பார்த்திருந்தால் விரூபாட்சர் விமானத்தின் முன் அம்மாவே "இது நம்ம ஊர் மாதிரி இருக்கே" என்பார். கட்டிய ஆசாரிகளில் ஒருவன் தென்னாட்டவன் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது.

திரும்பி நின்று காசிவிசுவநாதர், கலகநாதர் கோயில்களைப் பாருங்கள். வளைந்து ஏறும் வடநாட்டுச் சிகரம். இரண்டு பாணியும் ஒரே வளாகத்தில் தோளோடு தோள் நிற்பதால்தான் 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. விரூபாட்சரில் பூசை நடக்கிறது, செருப்பு கூடாது. வெயில் ஏறினால் தளக்கல் சுடும், காலுறை போட்டுக்கொள்ளுங்கள். உள்தூண்களில் ராமாயண, பாரதக் காட்சிகள் இருட்டில் இருக்கும், சின்ன டார்ச் அவசியம். பாபநாதர் கோயில் சற்றுத் தள்ளித் தெற்கே. பெரும்பாலோர் அதை விட்டுவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள்.

பாதாமி மூன்றாம் குடைவரைக்குக் கட்டாயம் ஏறுங்கள். 578-இல் சாளுக்கிய இளவரசன் மங்களேசன் முடித்தது, தேதி கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆதிசேடன்மேல் பள்ளிகொள்ளாமல் உட்கார்ந்திருக்கும் விஷ்ணு ஒன்றே போதும் ஏறிய களைப்புக்கு. விதானத்தின் ஓரத்தில் ஓவிய மிச்சம் லேசாகத் தெரியும்.

ஒற்றைப்பனை:
சனிக்கிழமை வரிசையில் ஒரு மாற்றுக் கருத்து. பாதாமியிலிருந்து போனால் பட்டடக்கல்தான் முதலில் வரும், அதனால் எல்லோரும் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் நிற்காமல் ஐஹொளேக்குப் போய்விடுங்கள். காரணம் மேகுட்டி. குன்றின்மேல் சமணக் கோயில், நிழல் கிடையாது, செங்குத்துப் படி. பத்து மணிக்குமேல் பிப்ரவரியிலும் வேர்த்துவிடும்.

மேகுட்டியை விடவும் கூடாது. 634-ஆம் ஆண்டு புலவர் ரவிகீர்த்தி சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் புகழ்ந்து எழுதிய கல்வெட்டு அங்கே கிழக்குச் சுவரில். வடநாட்டுப் பேரரசன் ஹர்ஷனை வென்றது அதில் வருகிறது. பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்பதும் வருகிறது. வடமொழிக் கவிகள் காளிதாசனுக்கும் பாரவிக்கும் சமமென்று புலவர் தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறார், அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்! பத்தாவது பையன் சரித்திரப் பாடத்தில் படித்த வரி எங்கிருந்து வந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பாதி வழியில் இரண்டடுக்குப் பௌத்தக் கோயிலும் உண்டு.

பையனும் நீங்களும் ஏறும் நேரத்தில் அம்மாவும் உங்கள் மனைவியும் துர்கா கோயில் வளாகத்தில் இருக்கலாம். புல்வெளி, மரநிழல், கழிப்பறை எல்லாம் அங்கே உண்டு. அது துர்க்கை கோயில் இல்லை, கோட்டையை ஒட்டி நின்றதால் வந்த பெயர். பின்புறம் நம் பெண்ணாகடம் தூங்கானை மாடம் போல வளைந்திருக்கும். சுற்றுத் தாழ்வாரத்தில் ஒவ்வொரு மாடமாகப் பார்க்க அம்மாவுக்கு அரைமணி போதாது. ராவணபடி குடைவரை ஒரு கி.மீ. தள்ளி, வண்டி பக்கத்திலேயே நிற்கும். சப்தமாதர் சூழ ஆடும் பத்துக் கை நடராஜர் அங்கே.

மலப்பிரபா:
ஒற்றைப்பனை சொல்வது மேகுட்டிக்குச் சரி. ஆனால் பட்டடக்கல் பெரிய கோயில்கள் கிழக்கு பார்த்தவை, முகப்புக்குக் காலை வெயில்தான் அழகு. பிற்பகலில் போனால் முகப்பு நிழலில் இருக்கும். படம் முக்கியமென்றால் பட்டடக்கல் முதலில், முட்டியும் மலையேற்றமும் முக்கியமென்றால் ஐஹொளே முதலில். இவர்கள் குடும்பத்துக்கு இரண்டாவதே பொருந்தும்.

வண்டி விஷயம்: ஆட்டோ வேண்டாம், அம்மாவின் முதுகு தாங்காது. காராகப் பேசுங்கள், காத்திருப்புக் கூலி உள்ளடங்கியதா, ராவணபடியும் மேகுட்டி அடிவாரமும் சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஐஹொளேயில் போய் நின்று பேரம் பேச வேண்டிவரும். பஸ்ஸை நம்பாதீர்கள். பாதாமி–பட்டடக்கல் பஸ் உண்டு, பட்டடக்கல்–ஐஹொளே இடையில் அரிது. ஐஹொளேயில் நல்ல சாப்பாட்டுக்கடை எதிர்பார்க்க வேண்டாம், காலையில் பாதாமியிலேயே கட்டிக்கொண்டு போங்கள்.

தெற்குவாசல்:
நன்றி. ஐஹொளே முதலில் என்று முடிவு. ஞாயிறு காலை அருங்காட்சியகம் முடிந்தபின் பையனுக்கு வடக்குக் கோட்டை ஏற ஆசை. நேரம் போதுமா? இதே இடத்துக்கு மழைக்காலத்தில் வந்தால் எப்படி? தம்பி ஆகஸ்டில் வருகிறான்.

ஒற்றைப்பனை:
போதும். அருங்காட்சியகத்தை ஒட்டியே பாறைப் பிளவுக்குள் படி ஏறும், மேல் சிவாலயம் வரை போய்வர ஒன்றரை மணி நேரம். மாலெகிட்டி சிவாலயம் தனிப் பாறையில், அதற்கு வழி வேறு. மேலிருந்து தேடாமல் கீழே இறங்கிச் சுற்றிப் போகச் சொல்லுங்கள். இரண்டாவது, மூன்றாவது குடைவரைகளுக்கு நடுவே தெற்குக் கோட்டைக்கு ஏறும் படி பூட்டியே இருக்கும், அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். ஹூப்ளி 105 கி.மீ., மூன்று மணி நேரம் ஒதுக்கினால் நிம்மதி. மதியம் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுங்கள்.

தம்பிக்கு: ஆகஸ்டில் ஏரி நிறைந்து, நல்ல மழை பெய்தால் செம்பாறை மேலிருந்து அக்கா–தங்கி அருவி இரட்டையாக விழும். பாதாமி அப்போதுதான் அழகு. ஆனால் படிகளில் பாசி வழுக்கும். மலப்பிரபா அணை திறந்தால் பட்டடக்கல்லுக்கும் ஐஹொளேக்கும் போவது சந்தேகம், 2019 ஆகஸ்டில் பட்டடக்கல் கோயில் வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. கிளம்புமுன் நவிலுதீர்த்த அணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்ற செய்தியைப் பார்த்துவிட்டு வரட்டும்.