ஞாயிறு ஆட்டம்: கதவுப் பஞ்சாயத்து

அண்ணன்: அடுத்த ஞாயிறு யார் யார் வருகிறீர்கள்? நான் கதையை நடத்த, நீங்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை போட்டு ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸையே தொடரலாமா?

அக்கா: அந்தப் பூட்டிய கதவு இன்னும் அங்கேயே இருந்தால் நான் வரவில்லை.

நான்: 😂😂 அரை மணி நேரம் அண்ணா! ஒரு கதவு!

அண்ணன்: நான் என்ன செய்ய? கதவு திறக்க இருபது முகப் பகடையில் குறைந்தது 15 வேண்டும். நீங்கள் போட்டது 4, 7, 2.

சின்ன மாமா: சகுனியைத் தவிர யாருக்கும் பகடை சொன்னபடி விழுந்ததில்லை.

அக்கா: உங்கள் மேல் குறை இல்லை அண்ணா. ஆட்டத்தைத்தான் சொல்கிறேன். விழவில்லை என்றால் கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். அப்புறம் என்ன என்பது உங்கள் தலையில் விழுகிறது. அன்றைக்கு உங்களுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அண்ணன்: ஒன்றிரண்டு எண்ணில் தோற்றால் ஒரு விலை கொடுத்து ஜெயிக்கலாம் என்று இந்த ஆட்டத்தின் 2014 பதிப்பில், நடத்துபவருக்கான புத்தகத்தில் இருக்கிறது. விருப்பம் இருந்தால் சேர்த்துக்கொள்ளும் விதி.

அக்கா: விருப்ப விதியாக ஒரு மூலையில் இருப்பதுதானே பிரச்சினை! அபோகலிப்ஸ் வேர்ல்ட் (2010) என்ற இன்னொரு கதை ஆட்டத்தில் அதுதான் மூல விதி. இரண்டு சாதாரணப் பகடை போட்டுக் கூட்ட வேண்டும். 10க்கு மேல் போனால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது இழக்க வேண்டும். 6, அதற்குக் கீழே என்றால் நடத்துபவர் நம் தலையில் இடி இறக்குவார்.

நான்: 10 வந்தாலே போதும், 10க்கு மேல் வேண்டாம்.

அக்கா: சரிடா, வாத்தியாரே. கூட்டல் கழித்தல் இல்லாமல் போட்டால் 36இல் 15 தடவை அந்த நடு விடைதான். எது விழுந்தாலும் கதை நகரும்.

நான்: நல்ல ஆட்டமா என்று பார்க்க எனக்கு வேறு அளவுகோல். எதற்குப் புள்ளி தருகிறார்கள் என்று பார்ப்பேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981இல் வந்த பேசிக் பதிப்பில் பாதாளத்திலிருந்து ஒரு பொற்காசைப் பத்திரமாக வெளியே கொண்டு வந்தால் 1 அனுபவப் புள்ளி, அது சேரச் சேர நம் ஆள் வலுவாவார். காப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்றைக் கொன்றால் வெறும் 5. ஆறு காசு திருடினாலே லாபம். அதனால் ஆடுபவர்கள் சண்டையைத் தவிர்த்து, பதுங்கிப் போய்ப் புதையலை எடுக்கப் பார்ப்பார்கள். இப்போது நாம் ஆடுவதில் அரக்கனை வீழ்த்தினால்தான் பெரிய புள்ளி, அதனால் மாமா எதைப் பார்த்தாலும் வாளை உருவுகிறார்.

சின்ன மாமா: அந்த விடுதிக்காரன் பார்வையே சரியில்லை.

அண்ணன்: அவன் உங்களுக்குக் கஞ்சி கொண்டு வந்தவன் மாமா 🤦

சின்ன மாமா: எனக்கு இந்தத் தடிப் புத்தகம் எதுவும் வேண்டாம். போன தடவை ஆளை உருவாக்கவே ஒன்றரை மணி நேரம் போனது. அதற்குள் பஜ்ஜி ஆறிவிட்டது.

அக்கா: அப்படியென்றால் டிரெட் ஆடலாம் மாமா. பேய்க்கதை. பகடையே கிடையாது. மரக்கட்டைகளை அடுக்கிய கோபுரம் ஒன்று, ஆபத்தான காரியம் செய்ய ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். கோபுரம் சரிந்தால் உங்கள் ஆள் கதையில் இருந்தே போய்விடுவார்.

நான்: உருவ மாட்டேன் என்றால்?

அக்கா: காரியம் நடக்காது, ஆனால் பிழைத்திருப்பாய். கால் ஆஃப் கதுல்ஹு என்ற இன்னொரு பயமுறுத்தும் ஆட்டத்தில் மனநலப் புள்ளி குறையும், அது தாளில் எழுதும் பயம். இதில் நிஜமாகவே கை நடுங்கும். பயமுறுத்தும் ஆட்டம் என்று சொல்லிவிட்டு விதியே பயமுறுத்துகிறதே, எனக்கு அதுதான் நல்ல ஆட்டம்.

அண்ணன்: ஒரு நாளுக்கு நன்றாக இருக்கும். மாதக்கணக்கில் தொடர முடியாது. பாதி ஆட்கள் செத்திருப்பார்கள்.

அக்கா: நமக்கு ஒரு ஞாயிறு ஒழுங்காகப் போனால் போதும் அண்ணா.

அத்தை: அந்தக் கட்டை டப்பா பரண்மேல் இருக்கிறது. எடுத்து வைக்கிறேன். ஆனால் சாப்பாட்டு மேசையில் ஒரு கால் ஆடும், காகிதம் மடித்து வைத்திருக்கிறேன்.

நான்: காகிதத்தை எடுத்துவிடுங்கள் அத்தை 😈

சின்ன மாமா: என் பக்கம் மட்டும் இருக்கட்டும்.