வெளிநாட்டு உதவி முகமையில் முதலில் எதைத் திருத்த வேண்டும்?

கேள்வி: பொதுநிர்வாக மாணவி, லாசுப்பேட்டை

வணக்கம். வெளிநாடுகளுக்கு உதவி வழங்கும் அரசு முகமைகளின் உத்திசார் மேலாண்மை பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை எழுதுகிறேன். பிரிட்டன் 1997-இல் தனியாக அமைத்த சர்வதேச வளர்ச்சித் துறையை 2020-இல் வெளியுறவுத் துறையோடு இணைத்துவிட்டது. 1961-இல் தோன்றிய அமெரிக்க உதவி முகமையான யுஎஸ்எய்டுக்கும் 2025 ஜூலையில் அதே கதி நேர்ந்தது. 2012-இல் உருவான நம் வளர்ச்சிக் கூட்டாண்மை நிர்வாகமோ தொடக்கத்திலிருந்தே வெளியுறவு அமைச்சகத்துக்குள்தான் இருக்கிறது. முகமை தனித்திருப்பதா, சேர்ந்திருப்பதா என்பதுதான் முதன்மையான கேள்வியா?

பதில்: ஓய்வுபெற்ற கணக்காளர், கடலூர்

இல்லை என்பேன். முகமை எதை எண்ணுகிறது என்று பாருங்கள். சுனாமிக்குப் பிறகு, 2005-இல், தேவனாம்பட்டினம் பகுதியில் வெளிநாட்டு நிதியில் இயங்கிய ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். மாத அறிக்கையில் ‘வழங்கிய படகுகள்’ என்றொரு கட்டம் இருந்தது. அந்தப் படகு கடலுக்குப் போகிறதா என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை. கட்டுமரத்தில் துடுப்பு போட்டவருக்கு ஃபைபர் படகு கொடுத்தோம், எரிபொருளுக்கு அவர் எங்கே போவார் என்று யோசிக்கவில்லை. மறு ஆண்டு அவற்றில் இரண்டு மணலில் கவிழ்ந்து கிடந்தன, வலை காயப்போட வசதியாக. எங்கள் கோப்பில் இரண்டும் நிறைவேறிய இலக்குகள்.

பதில்: முன்னாள் தணிக்கை அலுவலர், புதுச்சேரி

கணக்காளர் ஐயா சொல்வது சரி, ஆனால் அந்தக் கட்டத்தை வரைந்தவர் கடலூரில் இல்லையே. யுஎஸ்எய்டின் நாட்டு அலுவலகங்கள் ஐந்தாண்டு உத்தி எழுதின. பணமோ ஆண்டுதோறும் வந்தது, அதிலும் பெரும்பகுதியை இன்ன துறைக்கு, இன்ன நாட்டுக்கு என்று நாடாளுமன்றமே முன்கூட்டி ஒதுக்கிவிட்டது. உதவி பெறும் நாட்டின் முன்னுரிமையைப் பின்பற்றுவோம் என்று 2005-இல் பாரிஸில் உறுதிமொழி எடுத்தவர்களிடையேயும் இந்த வழக்கம் மாறவில்லை. என் அனுபவத்தில், நடக்கும் ஒரு திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் களத்தில் இருப்பவருக்கு இல்லாத வரையில் உத்தி ஆவணம் வெறும் அலங்காரம்தான்.

பதில்: மறுவாழ்வு முகாமில் வளர்ந்தவன், கடலூர் மாவட்டம்

பாதியில் வழியை மாற்றிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இலங்கையில் இந்திய அரசின் உதவியில் நடந்த வீட்டுத் திட்டம் முதலில் ஒப்பந்ததாரர்களைக் கொண்டு 1,000 வீடுகளைக் கட்டியது. வடக்கிலும் கிழக்கிலும் அடுத்த 45,000 வீடுகளுக்குப் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே பணத்தைத் தவணை தவணையாகச் செலுத்தி, அவரையே கட்ட வைத்தது. புது வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். கிளிநொச்சியில் என் பெரியம்மா அப்படித்தான் கட்டினார். அத்திவாரம் முடிந்ததை அலுவலர் வந்து பார்த்த பிறகே அடுத்த தவணை வரும். தொகை போதாமல் கதவு நிலைக்குக் காப்பை அடகு வைத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் திட்டத்தின் கணக்கில் அந்த அடகுச் சீட்டு வராது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. படகுக் கட்டத்தையும் அடகுச் சீட்டையும் வைத்தே கட்டுரையைத் தொடங்குகிறேன். கணக்காளர் ஐயா, அந்த விடுபட்ட கட்டத்தை யார் நிரப்பியிருக்க வேண்டும்?

கணக்காளர், கடலூர்

படகுக்காரர்தான், அம்மா. நாங்கள் நிரப்பியிருந்தால் ‘போகிறது’ என்றே எழுதியிருப்போம்.