பேரிடர்க் களத்தில் சமூகப் பணியாளருக்கென்று தனி வேலை உண்டா?

கேள்வி (சமூகப் பணி முதுகலை மாணவி):
மீட்புக்குத் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் நிவாரணத்துக்கு வருவாய்த் துறையும் இருக்கையில், எங்கள் துறையினர் களத்தில் செய்ய வேண்டியது என்ன? பாடநூல்கள் 'ஒருங்கிணைப்பு' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகின்றன. களம் கண்டவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக, 6,000 பேருக்கு மேல் பலிகொடுத்த நாகப்பட்டினம் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீனவ கிராமங்களில் நிவாரணப் பொருள்கள் பெரும்பாலும் மீனவர்களின் மரபுவழி ஊர்ப் பஞ்சாயத்தின் வழியாகவே பிரிக்கப்பட்டன; அந்தக் கட்டுக்கோப்பு இல்லையென்றால் அவ்வளவு விரைவாக எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது. ஆனால், ஊருக்கு வரி கட்டும் தலைக்கட்டுகளை (ஆண் தலைமையிலான குடும்பங்களை) வைத்தே பங்கு போடுவது வழக்கம் என்பதால், ஆண் துணையின்றி வாழ்ந்த பெண்களின் குடும்பங்கள் பல இடங்களில் கணக்கில் வரவில்லை. கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும், உப்பேறிய வயல்களில் வேலை இழந்த தலித் கூலித் தொழிலாளர்களுக்கும் இழந்ததாகக் காட்டப் படகோ வலையோ இல்லை. இப்படிப் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களைக் குடிசை குடிசையாகத் தேடி எழுதி, ஆட்சியர் அலுவலகம்வரை கொண்டுசென்று வாதாடுவதே நம் முதல் வேலை என்பேன்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆயினும் ஒருங்கிணைப்பை வெறும் சொல்லாக ஒதுக்க வேண்டாம். எவரும் உடுத்த விரும்பாத பழந்துணி சாலையோரங்களில் குவிந்து கிடந்தது நாகையில்தான். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், மீனவப் பெண்களிடையே பணியாற்றும் சினேகா என்ற தொண்டு நிறுவனமும் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு தன்னார்வ நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கியதும் அங்கேதான். எந்த ஊருக்கு எது வேண்டும் என்ற தகவலைத் திரட்டித் தருவதும் பெரும்பணியே. மனநலமும் அப்படித்தான்: பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பேசும்போது இடைமறிக்காமல் கேட்பதையும், வாரக்கணக்கில் உறங்காதவரை அடையாளம் கண்டு மருத்துவரிடம் அனுப்புவதையும் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரரால் செய்ய முடியும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வெளியூரிலிருந்து வரும் ஒருவர் ஊர்ப் பஞ்சாயத்தின் கணக்கைக் கேள்வி கேட்டால் பகை வளராதா?

பதில் 1:
பலர் முன்னிலையில் கேட்டால் வளரும். முதலில் மகளிர் குழுவினரோடு அமர்ந்து விடுபட்ட பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நாட்டார்களை, அதாவது ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர்களை, தனியே பார்த்து, இது கூடுதல் பட்டியல்தான், எவர் பங்கும் குறையாது என்று எடுத்துச் சொல்லி, அவர்களையே கையொப்பமிடக் கேளுங்கள். மறுத்தால், பட்டியலை நேராக வட்டாட்சியரிடம் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.