சும்மா விட்டால் லினக்ஸ் கணினி தானாக லாக்அவுட் ஆகிறது

கேள்வி:
வணக்கம். டெஸ்க்டாப் கணினி, 16 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் ஒரே ஒரு மானிட்டர். க்னோம் டெஸ்க்டாப், வேலாண்ட் (திரையில் விண்டோக்களைக் காட்டும் முறை) செஷன். கணினியைத் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வந்தால் லாகின் திரை நிற்கிறது. பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனால் திறந்து வைத்த விண்டோ ஒன்றுகூட இல்லை. சேமிக்காத கோப்பெல்லாம் போச்சு. வெறும் லாக் ஸ்கிரீன் இல்லை, முழு லாக்அவுட். வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஒருமுறைகூட இப்படி ஆனதில்லை. பவர் செட்டிங்கில் தானாக சஸ்பெண்ட் ஆவதை அணைத்தாயிற்று, ஸ்கிரீன் லாக்கையும் அணைத்தாயிற்று. பலனில்லை. எங்கிருந்து தேடத் தொடங்கலாம்?

பதில் 1:
செட்டிங்குகளை மாற்றுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எது காரணம் என்பதே தெரியாமல் போகும்.

முதலில் டெர்மினலில் அப்டைம் (கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது) பாருங்கள். சில நிமிடம்தான் காட்டினால் அது லாக்அவுட் இல்லை, கணினியே ரீபூட் ஆகியிருக்கிறது. அது வேறு கதை. நாள் கணக்கில் காட்டினால் செஷன் மட்டும் முடிந்திருக்கிறது. அது இரண்டு விதமாக நடக்கலாம்: யாரோ முடிக்கச் சொன்னார்கள், அல்லது செஷனைத் தாங்கிக்கொண்டிருந்தது விழுந்துவிட்டது. இரண்டுக்கும் சிஸ்டம் பதிவேட்டில் தடம் இருக்கும்.

எழுந்து போகும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து லாகின் ஆனதும் சூடோவுடன் (நிர்வாகி உரிமையில்) அந்தப் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையை ஓட்டி, சின்ஸ் ஆப்ஷனில் நீங்கள் எழுந்த நேரத்தைக் கொடுங்கள். சூடோ இல்லாவிட்டால் பதிவேட்டின் முக்கியமான வரிகள் கண்ணில் படாமல் போகலாம். 'செஷன் 2 லாக்டு அவுட், வெயிட்டிங் ஃபார் பிராசசஸ் டு எக்சிட்' என்பது போல ஒரு வரி வரும். அது விளைவுதான். காரணம் அதற்கு மேலே 30, 40 வரிக்குள் இருக்கும். அங்கே இவற்றைத் தேடுங்கள்:

செஷன்களைக் கவனிக்கும் லாகின்டி சேவை எழுதிய 'இஸ் ஐடில், ஸ்டாப்பிங்' என்ற வரி இருந்தால், ஸ்டாப்ஐடில்செஷன்செக் என்ற அமைப்பு வேலை செய்திருக்கிறது. லாகின்டி அடங்கிய சிஸ்டம்டி தொகுப்பின் 252ஆம் பதிப்பில் வந்தது. இயல்பாக இன்ஃபினிட்டி, அதாவது எந்த செஷனையும் தொடாது. ஆனால் பாதுகாப்பை இறுக்கும் ஸ்கிரிப்டுகள் இதை 900 வினாடி என்று வைத்துவிடுவது உண்டு. லாகின்டி.கான்ஃப் கோப்பை மட்டும் திறந்து பார்த்தால் போதாது, பக்கத்தில் உள்ள லாகின்டி.கான்ஃப்.டி அடைவிலும் ஒளிந்திருக்கும். சிஸ்டம்டி-அனலைஸ் கேட்-கான்ஃபிக் கட்டளைக்கு சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப் என்று கொடுத்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும்.

'அவுட் ஆஃப் மெமரி' அல்லது சிஸ்டம்டி-ஓஓஎம்டி பெயர் வந்தால் நினைவகம் தீர்ந்ததால் சிஸ்டம் ஏதோ நிரலைக் கொன்றிருக்கிறது.

'செக்ஃபால்ட்', 'டம்ப்டு கோர்' என்று க்னோம்-ஷெல் பெயரோடு வந்தால் கம்போசிட்டர் (விண்டோக்களைச் சேர்த்துத் திரையில் வரையும் நிரல்; க்னோமில் அது க்னோம்-ஷெல்தான்) கிராஷ். கர்னல் வரிகளில் 'எக்ஸ்ஐடி' அல்லது 'ரிங் டைம்அவுட்', 'ஜிபியு ரீசெட்' வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் பக்கம் போக வேண்டும்.

கூடவே க்னோம் அமைப்புகளைக் காட்டும் ஜிசெட்டிங்ஸ் கட்டளையில் ஸ்லீப்-இன்ஆக்டிவ்-ஏசி-டைப் (சும்மா இருந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு) மதிப்பையும் பாருங்கள். அதற்கு 'லாக்அவுட்' என்றும் ஒரு மதிப்பு உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை.

கேட்டவர்:
அப்டைம் 6 நாள். ஐடில் வரி எதுவும் இல்லை, ஏசி-டைப் மதிப்பு 'நத்திங்'. ஆனால் இது கிடைத்தது: கணினியை விட்டு எழுந்தது 14:10. 14:15:04க்கு க்னோம்-ஷெல் 'கோட் டம்ப்டு, ஸ்டேட்டஸ் 11, செக்வி'. கிராஷ் பதிவுகளைக் காட்டும் கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட் போட்டால் இதே மாதிரி 4 பதிவுகள், எல்லாமே க்னோம்-ஷெல்தான்.

பதில் 2:
14:10க்கும் 14:15க்கும் நடுவில் உள்ள அந்த 5 நிமிடம்தான் விடை. க்னோமில் ஐடில்-டிலே (எவ்வளவு நேரம் தொடாமல் இருந்தால் திரை அணைய வேண்டும் என்ற அமைப்பு) இயல்பாக 300 வினாடி. அந்த நேரத்தில் திரை அணைகிறது. நீங்கள் லாக்கை அணைத்தீர்கள், திரை அணைவதை அணைக்கவில்லை, அதனால்தான் பலனில்லை.

டிஸ்ப்ளேபோர்ட்டில் பல மானிட்டர்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது ஹாட்பிளக் சிக்னலையும் (மானிட்டர் இணைந்திருக்கிறது என்று சொல்லும் சிக்னல்) விட்டுவிடும். கர்னலுக்கு அது கேபிளைப் பிடுங்கியது போலத்தான் தெரியும். உங்களிடம் ஒரே மானிட்டர், ஆகவே அந்த நொடியில் கம்போசிட்டரிடம் திரையே இல்லை. விண்டோக்களை எங்கே வைப்பது என்று தடுமாறும் இடத்தில் பக் இருந்தால் விழுந்துவிடும். வேலாண்டில் கம்போசிட்டரும் டிஸ்ப்ளே சர்வரும் ஒன்றுதான். அது விழுந்தால் எல்லா நிரல்களின் இணைப்பும் அறுந்து, செஷனே முடிகிறது. வேலாண்டுக்கு முந்தைய முறையான எக்ஸ்ஆர்க்கில் க்னோம்-ஷெல் விழுந்தாலும் எக்ஸ் சர்வர் தனியாக நிற்பதால் பெரும்பாலும் விண்டோக்கள் பிழைத்துக்கொள்ளும்.

ஊகத்தோடு நிற்காமல் சோதியுங்கள். எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, வேலை செய்துகொண்டிருக்கும்போதே டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைக் கழற்றி 10 வினாடி கழித்துச் செருகுங்கள். லாகின் திரை வந்தால் உறுதி. வராவிட்டால் ஐடில்-டிலேயை 60 ஆக்கிக் காத்திருந்து பாருங்கள். அப்போது மட்டும் விழுந்தால் கேபிளை விட்டுவிட்டு, திரையை அணைக்கும்போது டிரைவர் என்ன எழுதுகிறது என்று பார்க்க வேண்டும்.

உறுதியானால் மானிட்டரின் சொந்த மெனுவில் டீப் ஸ்லீப் அல்லது ஆட்டோ ஸ்டாண்ட்பை போன்ற பெயரில் இருப்பதை அணையுங்கள். அந்த மெனு இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ கேபிளில் முயலலாம். ஐடில்-டிலேயை 0 ஆக்கினாலும் கிராஷ் நிற்கும், ஆனால் திரை நாள் முழுக்க எரியும், தானாக லாக்கும் ஆகாது. அப்படி வைத்துவிட்டு மானிட்டரைப் பட்டனில் அணைத்தால் அதே சிக்னல் போய் அதே இடத்தில் விழலாம், கவனம்.

இவை எல்லாம் ஒட்டுவேலைதான். பக் கம்போசிட்டரில் இருக்கிறது. கர்னல், மெசா (கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பு), க்னோம்-ஷெல் மூன்றையும் புதுப்பியுங்கள். அப்புறமும் விழுந்தால் கோர்டம்ப்சிடிஎல் இன்ஃபோ தரும் பேக்ட்ரேஸோடு (நிரல் விழுந்த இடம்வரை நடந்த அழைப்புகளின் பட்டியல்) பக் ரிப்போர்ட் போடுங்கள். டீபக் சிம்பல் (நிரலின் உள் பெயர்களைக் காட்டும் கூடுதல் தொகுப்பு) இல்லாத பேக்ட்ரேஸ் சரிசெய்பவருக்கு அதிகம் உதவாது, அதையும் நிறுவிவிட்டு எடுங்கள்.

பதில் 3:
இதே அறிகுறியோடு வருகிறவர்களுக்கு இன்னும் இரண்டு. லாக்அவுட் நீங்கள் எழுந்துபோன நேரத்தை வைத்து நடக்காமல், தினமும் ஒரே கடிகார நேரத்தில் நடந்தால் தானியங்கி அப்டேட்டைச் சந்தேகியுங்கள். அப்டேட்டுக்குப் பின் டிஸ்ப்ளே மேனேஜர் (லாகின் திரையைக் காட்டும் சேவை) ரீஸ்டார்ட் ஆனால் செஷன் போய்விடும். ஏபிடி (டெபியன், உபுண்டு வகையில் மென்பொருள் நிறுவும் கருவி) உள்ள கணினியில் வார்/லாக்/ஏபிடி அடைவில் உள்ள ஹிஸ்டரி.லாக்கின் நேரத்தோடு ஒப்பிட்டால் போதும்.

அடுத்தது, டிஎம்அவுட் மாறியைத் தேடி அலைய வேண்டாம். அது பாஷ் போன்ற டெர்மினல் ஷெல்லை மட்டும் மூடும், டெஸ்க்டாப் செஷனைத் தொடாது.

கேட்டவர்:
கேபிளைக் கழற்றிய உடனே விழுந்தது, 5வது பதிவும் சேர்ந்துவிட்டது. மானிட்டர் மெனுவில் டீப் ஸ்லீப்பை அணைத்தபின், ஐடில்-டிலே 60இல் வைத்து 10 முறை திரை அணைந்து எழுந்தது, புதிய பதிவு எதுவும் இல்லை. ஐடில்-டிலேயை 300க்கே திருப்பிவிட்டு லாக்கையும் போட்டாயிற்று. எல்லாம் புதுப்பித்த பிறகும் கேபிளைக் கழற்றினால் விழத்தான் செய்கிறது, ஆகவே சிம்பல்களோடு பேக்ட்ரேஸ் எடுத்து ரிப்போர்ட் போடுகிறேன். மிக்க நன்றி.