டயாலிசிஸ் வீட்டுக்கு உறவினர்கள் என்ன செய்து கொடுக்கலாம்?

வைகைக்கரை:
சித்தப்பாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். கூடப் போவது சித்தி ஒருவர்தான். உள்ளூரில் நாங்கள் நான்கு வீடு இருக்கிறோம். "எது வேணும்னாலும் சொல்லுங்க சித்தி" என்றால் வாய் திறக்க மாட்டேன் என்கிறார். கேட்காமலே நாங்கள் என்ன செய்வது?

நாலாம்வார்டு:
நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். மிஷினில் 4 மணி நேரம், போக வர, காத்திருக்க என்று அரை நாள் போய்விடும். மூன்று வீட்டுக்கு ஆளுக்கொரு நாள், நான்காவது வீடு யாராவது வர முடியாமல் போனால். சித்தி வாரத்தில் ஒரு நாளாவது முழுசாகத் தூங்கட்டும்.

போகிறவர் கவனிக்க வேண்டியவை: முன்னும் பின்னும் எடையை நோட்டில் எழுதுங்கள். முடிந்ததும் பிரஷர் இறங்கியிருக்கும், சட்டென்று எழுந்தால் தலைசுற்றும். சற்று உட்கார வைத்து ஆட்டோவில் கூட்டி வாருங்கள், அவர் வண்டி ஓட்டக்கூடாது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் இடம்) உள்ள கையில் பை மாட்டுவது, பிரஷர் பார்ப்பது, ஊசி, இறுக்கமான வாட்ச் எதுவும் வேண்டாம். வீட்டில் ஊசி இடத்தில் ரத்தம் கசிந்தால் துண்டைச் சுற்றாதீர்கள். துண்டு ரத்தத்தை உறிஞ்சுமே தவிர ஓட்டையை அடைக்காது. சுத்தமான பஞ்சை வைத்து விரலால் அந்த ஒரே புள்ளியில் 10-15 நிமிடம் அழுத்துங்கள். நிற்கவில்லையா, உடனே ஆஸ்பத்திரி.

கல்யாணம் காட்சி என்று ஒரு தடவையைக்கூடத் தள்ளிப்போட வற்புறுத்தாதீர்கள். வார இறுதியில் வரும் இரண்டு நாள் இடைவெளியே ஆபத்தானது.

உப்புக்கல்:
பார்க்கப் போகும்போது இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு வேண்டவே வேண்டாம். அவற்றில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் அதை வெளியேற்றாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத்துடிப்பு தடுமாறும், முன்னறிகுறியே இல்லாமல் உயிர் போகலாம். சமைத்துக் கொடுப்பதாக இருந்தால் காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். அவர் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து குடிக்க வேண்டியவர். ரசம், மோர், கஞ்சி எல்லாமே அந்தத் தண்ணீர்க் கணக்கில் சேரும். "இன்னொரு டம்ளர் குடிங்க" என்ற உபசாரம் அவருக்கு மூச்சுத்திணறலாக முடியும்.

வைகைக்கரை:
சாதா உப்புக்குப் பதில் 'லோ சோடியம்' உப்பு வாங்கிக் கொடுக்கலாமா?

உப்புக்கல்:
கூடாது. அதில் சோடியத்துக்குப் பதிலாகக் கலப்பதே பொட்டாசியம் குளோரைடுதான். சாதா உப்பையே குறைத்துப் போடுங்கள். புளிப்புக்குச் சில சொட்டு எலுமிச்சை போதும்.

மனுஎழுதி:
அலைச்சல் வேலையை ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கும், டயாலிசிஸ் அதில் அடங்கும். வி.ஏ.ஓ. மூலம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் அவர் பெயர் இல்லையென்றால் மனு அங்கேயே நின்றுவிடும், அதை முதலில் சரிசெய்யுங்கள். ஆஸ்பத்திரியும் திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் போகிறவர் என்றால், சிறுநீரக நோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதச் சலுகை உண்டு. ரயில்வே படிவத்தில் ஆஸ்பத்திரி சான்று வேண்டும்.

பணமாகக் கொடுப்பதென்றால் மொத்தமாக ஒரு தடவை கொடுப்பதைவிட, மாதம் 13 நாள் ஆட்டோச் செலவை நான்கு வீடும் பங்குபோட்டு 1ஆம் தேதி சித்தி கணக்கில் போட்டுவிடுங்கள். மாதாமாதம் கேட்கும் கூச்சம் அவருக்கு இருக்காது.